தோட்டப் பட்டணத்தில் இளையோர் தொழிற்பயிற்சிக்கு ஊரைத் திரட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில், இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உடனே வேலைக்குப் போவது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. தொழிற்சாலையில் சேர்ந்தால் அடுத்த மாதமே வீட்டுக்குப் பணம் வரும். இன்னொன்று, வருமானம் இல்லாமல் பல மாதங்கள் தொழில் கற்றுக்கொள்வது. வீட்டில் லோரிக் கடனும் பாட்டி மருந்துச் செலவும் இருக்கும்போது பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த இடத்தில்தான் உள்ளூர் இளையோர் திறன் அமைப்பு ஒன்று தேவைப்படுகிறது. அப்படி ஓர் அமைப்பை நடத்துகிறீர்கள், அல்லது தொடங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இதில் உறுதியாக நம்புவது ஒன்று: பணத்தைக் கடைசியில் கேளுங்கள். முதலில் இடம் கேளுங்கள், நேரம் கேளுங்கள், பிள்ளைகள் பழக ஒரு வேலையிடம் கேளுங்கள். பணம் கொடுத்தவர் கொடுத்ததோடு மறந்துவிடலாம். தன் கடையில் ஒரு பையனை நிறுத்தி மூன்று மாதம் வேலை பழக்கியவர் அவ்வளவு சுலபமாக மறக்க மாட்டார். அந்தப் பையன் பிறகு என்ன ஆனான் என்று அவரே விசாரிப்பார்.

முதல் படி: கேட்பதற்கு முன் ஊரைச் சுற்றுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பட்டணத்தையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்கள், தாமான் குடியிருப்புகளையும் சுற்றி வாருங்கள். மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி முடித்துவிட்டு, அல்லது பாதியில் நிறுத்திவிட்டு, நிலையான வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் யார். இந்த ஊரிலும் ஈப்போ, குவாலா கங்சார் பக்கமும் எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஏற்கெனவே பயிற்சி தருகிற இடங்கள் எவை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கடைக்காரர்களிடம்தான் இருக்கிறது. ஏர்கான் கடை, மோட்டார் கடை, வெல்டிங் பட்டறை, கார் பழுதுபார்க்கும் போர்மேன், தையல் கடை, கேக் செய்து விற்கிற அக்கா, எல்லாரிடமும் ஒரே கேள்வி: “அண்ணே, நாளைக்கே ஒருவரை வேலைக்கு எடுக்கணும்னா அவருக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?” செம்பனை ஆலைகளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே பிட்டர், வெல்டர், பாய்லர் பார்ப்பவர், மின்சாரம் பார்க்கும் சார்ஜ்மேன் எல்லாரும் வேண்டும். பாய்லருக்கும் சார்ஜ்மேனுக்கும் அரசாங்கத் தகுதிச் சான்று கட்டாயம், அதனால் சான்று உள்ளவருக்கு மதிப்பு அதிகம். அப்பா உரம் போட்டு, குலை வெட்டிய அதே தோட்டத்தின் ஆலையில் பிள்ளை சான்றோடு வேலைக்கு நுழைவது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

மூன்றாவது கேள்வியை நம்மவர்கள் பலர் தவறவிடுகிறார்கள். நாமே எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சுங்கை சிப்புட்டிலேயே சமூகக் கல்லூரி இருக்கிறது, ஈப்போவில் ஐ.எல்.பி. தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. சமூகக் கல்லூரிகள் பொதுமக்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகின்றன. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்குவது மனிதவள அமைச்சின் கீழுள்ள ஜே.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டு இலாகா. நாம் அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் சுவரில் மாட்ட அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது. ஆகவே பிள்ளையைத் தயார்படுத்தி, சேர்த்துவிட்டு, நடுவில் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டு, முடித்ததும் வேலையில் வைப்பது நம் வேலை. இது பயிற்சி நடத்துவதைவிடச் செலவு குறைவான வேலை. ஆனால் இதற்கு ஆள் நிறைய வேண்டும். ஊரைத் திரட்டச் சொல்வதும் இதனால்தான்.

இன்னும் இரண்டு வழிகளைக் கேட்டு வையுங்கள். எஸ்.எல்.டி.என். முறையில் பெரும்பகுதிப் பயிற்சி நிறுவனத்திலேயே, வேலை செய்தபடி நடக்கும். பி.பி.டி. முறையில், படிக்காமலேயே பல வருடம் தொழில் செய்தவர் தன் அனுபவத்தைக் காட்டி எஸ்.கே.எம். பெறலாம். ஊரில் இருபது வருடமாக வெல்டிங் செய்கிற அண்ணனுக்கு அந்தச் சான்றிதழ் வாங்க நீங்கள் உதவினால், அடுத்த வருடம் உங்கள் பிள்ளைகளுக்கு அவரே ஆசான்.

ஊரைச் சுற்றும்போதே அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டப்புறத்தில் இது இன்னும் தீராத பிரச்சினை. பிறப்புப் பத்திரம், மைகார்ட் சரியில்லாமல் அரசாங்கப் பயிற்சியில் சேர்ப்பது கடினம், பதிவு இலாகா வேலையோ மாதக்கணக்கில் இழுக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே அதற்கான வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: காகித வேலை

ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் சங்கங்களின் பதிவிலாகாவில் இணையம் வழியாகவே பதியலாம். பதிவு கிடைத்த பிறகு சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம். தனி ஒருவரின் கணக்கில் ஊர்ப் பணம் ஒரு வெள்ளிகூட வரக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நல்லவராக இருப்பதால்தான் அவரை அந்தச் சந்தேகத்தில் மாட்டிவிடக் கூடாது.

புதிதாகப் பதிவதா என்பதையும் யோசியுங்கள். ஊரில் ஏற்கெனவே பதிவு பெற்ற இளைஞர் மன்றமோ முன்னாள் மாணவர் சங்கமோ ஒழுங்காகக் கூட்டம் போட்டு, கணக்குக் காட்டிக்கொண்டு இருந்தால், அதன் கீழ் ஒரு செயற்குழுவாகத் தொடங்குவது மேல். சின்ன ஊரில் சங்கங்கள் கூடக்கூட ஒரே பத்துப் பேர்தான் எல்லாவற்றிலும் பதவியில் இருப்பார்கள், கடைசியில் எந்த வேலையும் ஓடாது.

மூன்றாம் படி: முதல் வட்டம்

ஏழெட்டுப் பேர் போதும். யார் அந்த ஏழெட்டுப் பேர் என்பதுதான் முக்கியம். தமிழ்ப்பள்ளியில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், அவருக்கு எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். கைத்தொழில் தெரிந்த ஒருவர். கணக்கில் கறாரான ஒருவர், தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர் கிடைத்தால் நல்லது. கோயில் நிர்வாகத்தில் சொல் எடுபடும் ஒருவர். குறைந்தது இரண்டு பெண்கள். முப்பது வயதுக்குக் கீழே இரண்டு பேர், அவர்கள் நாற்காலி அடுக்குவதற்காக மட்டும் வரக் கூடாது, முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும்.

கட்சிப் பொறுப்பில் இருப்பவர்களைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று இடங்களில் வைக்காதீர்கள் என்பது என் கருத்து. அவர்கள் நல்லெண்ணத்தோடு வந்தாலும், ஊரில் மற்றக் கட்சிக்காரர் பிள்ளையை அனுப்பத் தயங்குவார். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தின் உதவி வேண்டுமா, போய்க் கேளுங்கள். எல்லாரையும் ஒரே மேடைக்கு அழையுங்கள். பேனரில் யார் படமும் வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிட்டால் பிறகு யாருக்கும் தனியாக விளக்கம் சொல்லத் தேவையில்லை.

நான்காம் படி: யாரிடம் எதைக் கேட்பது

பொதுவாக “ஆதரவு கொடுங்கள்” என்று கேட்டால் பொதுவாகத் தலையாட்டுவார்கள். ஒவ்வொருவரிடமும் அவரால் மட்டும் கொடுக்கக்கூடிய ஒன்றை, அளவோடும் முடிவுத் தேதியோடும் கேளுங்கள்.

கோயில் நிர்வாகத்திடம்: மாதத்தில் ஒரு நாள் மண்டபம், திருவிழாவில் ஐந்து நிமிடம் மைக், அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் அளவு இடம். “தலைவரே, உண்டியல் பக்கம் நாங்கள் வரவே மாட்டோம்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கோயில் நிர்வாகங்களுக்குத் திருப்பணி, அன்னதானம் என்று அவர்கள் கவலையே பெரிது. போட்டிக்கு இன்னொரு வசூல் வந்துவிடுமோ என்ற பயம் நீங்கினால், பெரும்பாலும் மண்டபச் சாவி கைக்கு வந்துவிடும். ஊரில் இரண்டு மூன்று கோயில்கள் இருந்தால் எல்லாரையும் ஒரே வாரத்தில் பாருங்கள். யாரை முதலில் பார்த்தீர்கள் என்பதே ஒரு பேச்சாகிவிடும்.

பட்டறைக்காரரிடம்: ஒரு பிள்ளை, மூன்று மாதம், வாரத்தில் மூன்று நாள். அவர் என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பிள்ளை தாமதமாக வந்தால், சாமானை உடைத்தால், யாரை அழைக்க வேண்டும் என்ற தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். சிறு முதலாளிக்கு உண்மையான தயக்கம் அதுதான்: பிள்ளைக்கு அடிபட்டால் என்ன செய்வது? இதற்குப் பதில் தயாராக வைத்திருங்கள். எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுத் தொழில் பழகுபவரும் சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவார். சொக்சோ அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துவிடுங்கள். கூடவே குழு விபத்துக் காப்புறுதி ஒன்றும் எடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வாங்காமல் யாரையும் எங்கும் அனுப்பாதீர்கள்.

பணி ஓய்வு பெற்றவர்களிடம்: ரயில்வேயில், மின்சார வாரியத்தில், ஆலையில் வேலை செய்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் வாரம் ஒரு மாலை, எட்டு வாரம். “எப்பவாவது வந்து பேசுங்க ஐயா” என்றால் வர மாட்டார்கள். “செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு, அளவுமானி பிடிப்பது எப்படின்னு மட்டும் சொல்லிக் கொடுங்க ஐயா” என்றால் ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்திருப்பார்.

தமிழ்ப்பள்ளியிடம்: சனிக்கிழமை ஒரு வகுப்பறை. தலைமையாசிரியர், பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூவரையும் சேர்த்துப் பாருங்கள். மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதிக் கடிதத்தை நீங்களே தயாரித்துக் கொண்டுபோனால் அவர்களுக்கு வேலை மிச்சம்.

தோட்ட நிர்வாகத்திடம்: அறிவிப்பு ஒட்ட அனுமதி, ஆலையைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள், முடிந்தால் வேன்.

ஐந்தாம் படி: பெற்றோர்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கூட்டம் போட்டு அழைத்தால் ஏற்கெனவே ஆர்வமுள்ள பெற்றோர் மட்டும் வருவார்கள். மற்றவர்களை வீட்டில் போய்ப் பாருங்கள், மாலையில், அவர்கள் வேலை முடித்து வந்த பிறகு. பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

பெற்றோரின் முதல் கேள்வி பணம். மூன்று மாதம் சம்பளம் இல்லையென்றால் வீட்டுக்கு எவ்வளவு குறையும் என்று அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கணக்குப் போட்ட பிறகு சில குடும்பங்களுக்கு உண்மையிலேயே முடியாது என்று தெரியும். அவர்களிடம் முழுநேரப் பயிற்சியைத் திணிக்காதீர்கள். மாலை நேர வகுப்பு, அல்லது சம்பளத்தோடு கூடிய எஸ்.எல்.டி.என். இடம் தேடுங்கள். மற்றவர்களுக்குப் பயணப்படியும் மதியச் சாப்பாடும் கிடைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள்.

இரண்டாவது, போக்குவரத்து. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு நேரத்துக்கு பஸ் கிடையாது. பல பிள்ளைகள் பயிற்சியைப் பாதியில் விடுவது இதனால்தான், சோம்பேறித்தனத்தால் என்று நாம் தவறாக முடிவு கட்டிவிடுகிறோம். பட்டணத்துக்குத் தினமும் வேலைக்கு வருகிறவர்கள் யார், அவர்கள் காரில் யாருக்கு இடம் இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். மோட்டார் லைசென்ஸ் எடுக்க உதவுவதைக்கூடத் தொழிற்பயிற்சியின் பகுதியாகவே நான் கருதுவேன்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். “யார் கூட்டிட்டுப் போவாங்க, எத்தனை மணிக்கு வருவா, அங்க வேற பொம்பளைங்க இருக்காங்களா” என்று அம்மாக்கள் கேட்பார்கள். மூன்றுக்கும் நேரான பதில் இல்லாமல் அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். வகுப்பு இருட்டுவதற்குள் முடிய வேண்டும், குழுவில் இருக்கும் ஒரு பெண் உடன் வர வேண்டும், இரண்டு பெண் பிள்ளைகளாவது ஒரே இடத்தில் சேர வேண்டும். அப்புறம், பெண் பிள்ளை என்றால் தையலும் கேக்கும்தான் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. வயரிங்கும் ஏர்கானும் அவர்களுக்கும்தான். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் ஏர்கான் பார்க்க ஒரு பெண் வருவதை விரும்பும் வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆறாம் படி: வேலையை ஊர் கண்ணால் பார்க்கட்டும்

முதல் மூன்று நான்கு மாதம் கழிந்ததும் கோயில் மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ ஒரு பழுதுபார்க்கும் நாள் வையுங்கள். வீட்டில் ஓடாத மின்விசிறி, அரிசிக் குக்கர், கிழிந்த பள்ளிச் சீருடை, உடைந்த சைக்கிள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஊர் மக்கள் முன்னால் சரி செய்வார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஆசான் இருக்க வேண்டும். மின்சாதனங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஆசான் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். வீட்டு வயரிங்கைத் தொட வேண்டாம், அதைச் சான்று பெற்ற வயர்மேன்தான் செய்யலாம்.

இந்த நாளில் பேச்சாளர் வேண்டாம். மாலை, பொன்னாடை வேண்டாம். வாசலில் ஒரு பலகை மட்டும்: எத்தனை சாமான் வந்தது, எத்தனை சரியானது, எத்தனை முடியவில்லை. முடியாததையும் எழுதுங்கள். “அந்தப் பையன் எங்க வீட்டு விசிறியைச் சரி பண்ணிட்டான்” என்று ஒரு பாட்டி கடையில் சொல்வது, நாம் அச்சடிக்கும் ஆயிரம் நோட்டீஸைவிட வேகமாகப் பரவும். எதற்கு இந்தப் பயிற்சி என்று அதற்கு மேல் நீங்கள் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

நாள் குறிக்கும்போது தைப்பூசம், ஆடி மாதத் திருவிழாக்கள், தீபாவளிக்கு முந்திய வாரங்கள், பள்ளித் தேர்வுகள் எல்லாவற்றையும் தவிருங்கள். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிறு நல்லது, பட்டணத்துக்கு எல்லாரும் வருவார்கள்.

ஏழாம் படி: இப்போது பணம்

சுங்கை சிப்புட்டில் நின்றுகொண்டு சிறு தொகையால் என்ன ஆகும் என்று கேட்கத் தேவையில்லை. இந்த ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்க, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலம் அது. தோட்டத் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில்தான் அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். அவர்கள் பேரப்பிள்ளைகளிடம்தான் நாம் இப்போது கேட்கப் போகிறோம்.

கணக்கை எல்லாருக்கும் புரிகிற அளவில் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 200 வெள்ளி பயணப்படி, ஆறு மாதத்துக்கு 1,200. பத்துப் பிள்ளைகளுக்கு 12,000 வெள்ளி. நூறு பேர் மாதம் பத்து வெள்ளி கொடுத்தால் ஒரு வருடத்தில் அதே 12,000. ஒரே ஆளிடம் 12,000 வாங்குவதைவிட இது எனக்குப் பிடித்த வழி. ஒருவர் நிறுத்தினால் பத்து வெள்ளிதான் குறையும், பயிற்சி நிற்காது.

சட்டத்தை மீறாதீர்கள். வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் ஏந்துவதற்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, காவல்துறை அனுமதி வேண்டும். மாவட்டக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் மேசை போடுவதானாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் எண் போட்ட ரசீது கொடுங்கள், ஐந்து வெள்ளியானாலும் கொடுங்கள். முடிந்தவரை கைப்பேசியில் பணம் கட்ட உதவும் சங்கக் கணக்கின் டூய்ட்நவ் கியூஆர் வழியாகவே வாங்குங்கள்.

நிறுவனங்கள் முதலில் கேட்பது வரி விலக்கு. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கொடுப்பவர் கழிவு கோர முடியும், அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். அந்த அங்கீகாரம் உங்களுக்கு இல்லையென்றால் “இல்லை” என்றே சொல்லுங்கள். வாய்தவறிச் சொன்ன ஒரு பொய்யான உறுதி ஊரில் பெயரைக் கெடுத்துவிடும்.

இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா பிரிவு தருவது போன்ற அரசாங்க மானியங்களுக்கும் விண்ணப்பியுங்கள். ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மானியம் வரும் மாதமும் பிள்ளைக்குப் பயணப்படி தேவைப்படும் மாதமும் ஒன்றாக இருப்பது அரிது.

எட்டாம் படி: கணக்கைப் பலகையில் ஒட்டுங்கள்

மாதத்தின் முதல் ஞாயிறு, கோயில் பலகையிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் ஒரே தாள். இப்படி இருந்தால் போதும்:

“வணக்கம். இந்த மாதம் 97 பேர் கொடுத்தது 970 வெள்ளி. நான்கு பிள்ளைகளுக்குப் பயணப்படி 800. வெல்டிங் கம்பி, கையுறை 64. மீதி 106. கடந்த மாதம் ஒருவர் பயிற்சியை நிறுத்திவிட்டார், வீட்டில் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஏர்கான் பயிற்சிக்கு ஏணி ஒன்று தேவை, பழையதானாலும் பரவாயில்லை.”

அந்தக் கடைசி வரியை ஒருபோதும் விடாதீர்கள். பணம் கொடுக்க முடியாதவர் ஏணி கொடுப்பார். கொடுத்தவர்களின் பெயரைத் தொகை வரிசையில் போடாமல் அகர வரிசையில் போடுங்கள். நின்றுபோன பிள்ளையின் பெயரை எழுதவே கூடாது. படம் போடுவதானால் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள். “ஏழைப் பிள்ளைகள்”, “வழிதவறியவர்கள்” போன்ற சொற்கள் எந்தத் தாளிலும் வேண்டாம். ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அந்தப் பிள்ளை அதே தெருவில்தான் நாளைக்குத் தொழில் செய்ய வேண்டும்.

புலனக் குழுவில் வாழ்த்துப் படங்களும் அரசியலும் வர ஆரம்பித்தால் மக்கள் சத்தத்தை அணைத்துவிடுவார்கள், உங்கள் அறிவிப்பும் அதோடு போய்விடும். நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள்.

சிக்கல் வரும்போது

பிள்ளை நின்றுவிட்டால் இரண்டு நாளுக்குள் வீட்டுக்குப் போங்கள். ஒரு வாரம் தாண்டினால் வெட்கம் கூடிவிடும், பிறகு உங்களைக் கண்டால் தெரு மாறிப் போவான். பட்டறைக்காரரையும் அன்றே அழைத்துச் சொல்லுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாமல் காத்திருந்தால் அடுத்த பிள்ளைக்கு இடம் கிடைக்காது.

பட்டறையில் பிள்ளையைத் தேநீர் வாங்கவும் தரை கூட்டவும் மட்டும் வைத்திருந்தால், முதலில் முதலாளியிடம் தனியாகப் பேசுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பயிற்சித் தாளை எடுத்துப் பார்த்து எது முடிந்தது என்று குறிப்பது வழக்கமாகிவிட்டால் இந்தப் பேச்சு சுலபம். மாறாவிட்டால் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், சண்டை வேண்டாம்.

பெரிய தொகை கொடுப்பவர் தன் உறவினர் பிள்ளையை வரிசை தாண்டிச் சேர்க்கச் சொன்னால், தேர்வு விதிமுறையை எழுத்தில் காட்டுங்கள். விதிமுறையை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், அவர் வருவதற்கு முன்பே.

வருடம் முடியும்போது ஆண்டுக் கூட்டம். பயிற்சி முடித்த பிள்ளைகளில் ஒருவரையாவது அந்தக் கூட்டத்தில் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுங்கள், இன்னொருவரைச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஐயாவுக்குத் துணையாக நிறுத்துங்கள். பொருளாளருக்கு ஒரு துணைப் பொருளாளரைப் போட்டு, ரசீதுப் புத்தகம், வங்கி விவரம், நன்கொடையாளர் பட்டியல் மூன்றும் இருவருக்கும் தெரியும்படி செய்யுங்கள். கணக்கைத் தணிக்கையாளர்கள் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு, கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்பிவிடுங்கள். அதன் நகல் ஒன்றைக் கோயில் பலகையிலும் ஒட்டுங்கள்.